குச்சி ஆன்டெனாவைப் படுக்க வையுங்கள்

நீங்கள் எழுதியிருப்பது இது: லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பகிர்வு வீட்டின் கீழ்த்தளப் பின்னறையில் குடியிருக்கிறீர்கள். டிவி அலையைப் பிடித்துப் படமாக்க லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி டியூனர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். அதோடு வந்த காந்த அடி கொண்ட குச்சி ஆன்டெனாவை வைத்தால் இருபது சொச்சம் சேனல்கள் வருகின்றன. பிபிசி மாலை நேரத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது. எச்டி சேனல் ஒன்றுகூட வரவில்லை. கடைக்காரர் ‘40 டெசிபெல் பூஸ்டர்’, அதாவது அலையைப் பெருக்கும் கருவி, பொருத்திய ஆன்டெனாவை 30 பவுண்டுக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? பார்த்தால் பூஸ்டரைப் பற்றிய கேள்வி. ஆனால் இதற்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு. எச்டி வராதது பெரும்பாலும் டியூனரின் பிறவிக் குறை. படம் உடைவது, அலை உங்கள் அறைக்குள் வந்து சேரும் வழியில் நடக்கும் கூத்து. பூஸ்டர் முதலாவதைத் தீர்க்கவே தீர்க்காது. இரண்டாவதைப் பெரும்பாலும் தீர்க்காது, சில வீடுகளில் மோசமாக்கும்.

நான் லண்டன் கூரைகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஏரியல் கட்டியவன். இங்கே ஆன்டெனா என்று யாரும் சொல்வதில்லை, ஏரியல்தான். முழங்கால் ஏணியை மறுத்த பிறகு வீட்டில் கணினியில் டிவி பார்ப்பதையும் பதிவு செய்வதையும் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். உங்கள் அறையில் நின்று அலையை அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எச்டி. பிரிட்டனில் ஃப்ரீவியூ என்ற பெயரில் ஏரியல் வழியாகக் கட்டணமின்றி வரும் சேனல்கள் தனித்தனி அலைவரிசைகளில் வருவதில்லை. பல சேனல்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஓர் அலைவரிசையில் அனுப்புகிறார்கள். அந்த மூட்டைக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். லண்டனுக்கு அப்படிப் பெரிய மூட்டைகள் ஆறு. அவற்றில் ஐந்து பழைய டிவிபி-டி முறையில் வருகின்றன. பிபிசி ஒன் எச்டி, ஐடிவி எச்டி, சேனல் 4 எச்டி போன்றவை இருக்கும் ஒரு மூட்டை மட்டும் டிவிபி-டி2 என்ற புதிய முறையில் வருகிறது. இது 2009 டிசம்பரில் தொடங்கியது. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம் என்றாலும், டி மட்டும் தெரிந்த டியூனருக்கு டி2 அலை வெறும் இரைச்சல். கூரையில் ஆளுயர ஏரியல் வைத்தாலும் அதற்கு ஒன்றும் புரியாது. பழையதாகக் கைமாறும் கட்டைவிரல் அளவு டியூனர்களில் மிகப் பரவலானது ஆர்டிஎல்2832யு என்ற சிப் கொண்டது. மேலட்டையில் ‘டிவிபி-டி, எஃப்எம், டிஏபி’ என்று அச்சடித்திருக்கும். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் எச்டி ஆசையை அந்த டியூனரோடு சேர்த்து வளர்க்க வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம்: இந்தச் சிப்பைச் சாதாரண ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவியாகவும் மாற்றலாம் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே பறக்கும் செய்திகளை அதை வைத்துப் பிடித்துப் படம் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். டி2 வேண்டுமென்றால் வாங்கும்போது பெட்டியில் ‘எச்டி’ என்று இருப்பதை நம்பாதீர்கள். திரையின் அளவைக்கூட எச்டி என்று எழுதி வைப்பார்கள். ‘டிவிபி-டி2’ என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். உள்ளே சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ2168 சிப் இருப்பவை விண்டோஸிலும் லினக்ஸிலும் எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை.

இனி உடைகிற படம். பழைய அனலாக் டிவியில் அலை குறையக் குறையப் புள்ளி விழும், நிழல் தட்டும், நிறம் வெளிறும். ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அந்தப் படிப்படியான சரிவு இல்லை. பிழைகளைத் திருத்தும் கணக்கு ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அது தாங்குகிற வரை படம் கண்ணாடிபோல் இருக்கும். தாங்காத கணத்தில் கட்டங்கள் சிதறும், ஒலி விக்கும், அப்புறம் கறுப்புத் திரை. நன்றாக வருவதற்கும் அறவே வராததற்கும் இடையில் இரண்டு மூன்று டெசிபெல்தான் இருக்கும். டெசிபெல் என்பது அலையின் சக்தியை ஒப்பிடும் அளவு; 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகும். காலையில் அருமையாக இருந்தது, மாலையில் போய்விட்டது என்று நீங்கள் சொல்வது அதனால் எனக்கு வியப்பாக இல்லை. நீங்கள் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாலையில் அக்கம்பக்கத்தில் விளக்குகளும் சார்ஜர்களும் உயிர் பெறும்போது இரைச்சல் கொஞ்சம் ஏறுகிறது, அந்தக் கொஞ்சம் உங்களைத் தள்ளிவிடுகிறது. ஆக, இன்னொரு ஐந்தாறு டெசிபெல் எங்கிருந்தாவது சம்பாதித்தால் போதும், காலையிலிருந்து இரவு வரை நிம்மதி.

அந்த டெசிபெல்லை எங்கிருந்து சம்பாதிப்பது என்பதில்தான் பூஸ்டர் விற்பவரும் நானும் பிரிகிறோம். டியூனர் மென்பொருளில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று பலம், மற்றது தரம். மக்கள் பலத்தைத்தான் பார்க்கிறார்கள். டியூனருக்கு வேண்டியதோ தரம், அதாவது அலைக்கும் அதோடு ஒட்டி வரும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. லண்டனில் டிவிபி-டி மூட்டைகளைப் பிரித்துப் படிக்க அந்த இடைவெளி சுமார் 20 டெசிபெல் வேண்டும். நான் வேலை முடித்து இறங்கும்போது மீட்டர் 26க்கு மேல் காட்டினால்தான் பையை மூடுவேன். சந்தையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை என்று காதில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டால் சந்தையும் சேர்ந்துதானே உரக்கக் கேட்கும்? பூஸ்டர் செய்வது அதுதான். அலையோடு இரைச்சலையும் பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் சொந்த இரைச்சலையும் சேர்த்துத் தருகிறது. பலப் பட்டை குதித்து ஏறும், தரப் பட்டை அசையாது.

பூஸ்டருக்கு உரிய இடம் ஒன்று உண்டு, மறுக்கவில்லை. கூரையில் நல்ல ஏரியல், அதிலிருந்து 20 மீட்டர் கேபிள், நடுவில் நான்கு அறைகளுக்குப் பிரிப்பான் என்று இருந்தால், கேபிளிலும் பிரிப்பானிலும் போகிற இழப்பை ஈடுகட்ட ஏரியலின் கழுத்திலேயே ஒரு பெருக்கியை வைப்போம். இருவழிப் பிரிப்பான் ஒன்றே ஏறக்குறைய 4 டெசிபெல் தின்றுவிடும். நல்ல கேபிள் 10 மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு டெசிபெல் எடுத்துக்கொள்ளும். உங்களிடமோ ஒரு மீட்டர் கேபிள்தான் இருக்கிறது. ஈடுகட்ட இழப்பே இல்லை. இன்னொன்று: கடையில் கிடைக்கும் மலிவான பெருக்கிகள் பல, டிவி அலை 862 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த காலத்து வடிவமைப்பு. இப்போது பிரிட்டனில் டிவிக்கு 470 முதல் 694 வரைதான். அதற்கு மேலே இருந்ததை 800, 700 என்று இரண்டு தவணையில் கைபேசி நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 700ஐக் காலி செய்யும் வேலை 2020 ஆகஸ்டில் முடிந்தது. பழைய பெருக்கி உங்கள் தெருமுனைக் கைபேசிக் கோபுரத்தையும் சேர்த்துப் பெருக்கி, டியூனரைத் திணறடிக்கும். அப்பர் நார்வுட்டில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒளிபரப்புக் கோபுரமே நிற்கிறது, ஆனால் டிவியில் பாதிச் சேனல் இல்லை. யாரோ புண்ணியவான் டிவிக்குப் பின்னால் ஒரு பூஸ்டரை மாட்டி, அது போதவில்லை என்று இன்னொன்றையும் மாட்டியிருந்தார். இரண்டையும் கழற்றிவிட்டு, அலையைக் குறைக்கும் சிறு திருகு ஒன்றைப் போட்டேன். எல்லாச் சேனலும் வந்துவிட்டது. பாட்டி என்னை நம்பவே இல்லை. எதையோ கழற்றி எடுத்துப் போகிறவனுக்கு எதற்குக் காசு என்று கேட்டார்.

அந்தக் கோபுரம்தான் உங்களுக்கும் அலை அனுப்புகிறது. தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ், 219 மீட்டர் உயரம். ஈஸ்ட் ஹாமிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், தென்மேற்குத் திசை. லண்டனில் அனலாக் அணைந்த 2012 ஏப்ரலுக்கு முன் டிஜிட்டலை 10, 20 கிலோவாட் அளவில்தான் அனுப்பினார்கள். அதன்பின் 200 கிலோவாட். இணையத்தில் பழைய பக்கங்களில் ‘பெரிய ஏரியல் இல்லாமல் முடியாது’ என்று படித்திருந்தால், அது பெரும்பாலும் அந்தப் பத்துக் கிலோவாட் காலத்து அறிவுரை. 15 கிலோமீட்டர் தொலைவில் 200 கிலோவாட் என்பது தாராளம். அலைக்குப் பஞ்சமில்லை, நாம் பிடிக்கும் பாத்திரம்தான் கோணல்.

எப்படிக் கோணல் என்றால், கிரிஸ்டல் பேலஸ் அலை கிடைமட்டமாக அதிர்கிறது. கூரைகளைப் பாருங்கள், ஏரியல்களின் குச்சிகள் எல்லாம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். சில சிறிய துணை நிலையங்களை நோக்கியவை மட்டும் நிமிர்ந்து நிற்கும். உங்கள் காந்தக் குச்சியோ நெட்டுக்குத்தாக நிற்கிறது. திறந்த வெளியில் இந்தப் பொருத்தமின்மையால் மட்டும் 20 டெசிபெல் போகலாம். அறைக்குள் அலை சுவர்களில் பட்டுப் புரண்டு வருவதால் அவ்வளவு போகாது, ஆனாலும் நாம் தேடுகிற ஐந்தாறு டெசிபெல் இங்கேயே கிடைத்துவிடுவது வழக்கம். காசு செலவில்லாத வைத்தியம்: குச்சியைப் படுக்க வையுங்கள். கோபுரம் தென்மேற்கில் இருப்பதால், குச்சியின் நீளம் வடமேற்கு–தென்கிழக்காக, கோபுரத்துக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். குச்சியின் நுனியைக் கோபுரத்தை நோக்கி நீட்டுவது எல்லாரும் செய்கிற தவறு. நுனி வழியாக அது எதையும் வாங்குவதில்லை, பக்கவாட்டில்தான் வாங்கும்.

குச்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. கிரிஸ்டல் பேலஸின் ஆறு மூட்டைகளும் 482 முதல் 546 மெகாஹெர்ட்ஸுக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. அங்கே அலையின் நீளம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு பதினான்கரை. உங்கள் குச்சி அந்தக் கால் பங்கு வகை. அந்த வகைக்கு அடியில் ஓர் இரும்புப் பரப்பு இருந்தால்தான் அது முழு ஆன்டெனா. மரமேசைமேல் வைத்தால் பாதி ஆன்டெனா. காந்தம் வைத்திருப்பதே காரின் கூரையில் ஒட்டத்தான். சதுரமான பிஸ்கட் தகர டின் ஒன்றை எடுங்கள், கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டிலும் சேருமே, அதுதான். அதை ஜன்னல் திட்டில் நிற்க வைத்து, பக்கத் தகட்டில் காந்தத்தை ஒட்டுங்கள். குச்சி தகட்டிலிருந்து கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கும். படுக்கையும் ஆயிற்று, இரும்புப் பரப்பும் ஆயிற்று. டின்னை மெல்லத் திருப்பிக்கொண்டே தரப் பட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, இரண்டடி விலகி நின்று, பத்து நொடி காத்திருந்து படியுங்கள். உங்கள் உடம்பும் ஈரமான ஒரு சுவர்தான். ஓர் அடி நகர்த்தினாலே கணக்கு தலைகீழாகும். எதிரொலி அலைகள் ஓரிடத்தில் கூடும், கையகலம் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். ஒரு சேனல் வந்து இன்னொன்று வராமல் போவதற்கும் இதுவே காரணம். அதனால் ஒரே சேனலை வைத்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆறு மூட்டைகளிலிருந்தும் ஒவ்வொரு சேனல் பார்த்து, எல்லாவற்றுக்கும் சுமாராக இருக்கும் இடத்தை எடுங்கள்.

கட்டடம் டிவியை மறைப்பது இந்த ஊரில் நீதிமன்றம் வரை போன விஷயம். கேனரி வார்ஃப் கோபுரம் எழுந்தபோது அதன் நிழலில் விழுந்த கிழக்கு லண்டன் மக்கள், எங்கள் டிவி போய்விட்டது என்று வழக்குப் போட்டார்கள். 1997இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஒருவர் தன் நிலத்தில் கட்டடம் எழுப்பியதால் அலை மறைந்தது என்பதற்காக மட்டும் அண்டை வீட்டுக்காரர் இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் வீட்டுக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் நேர்கோடு போட்டால் கேனரி வார்ஃப் அதற்கு மேற்கே தள்ளியே இருக்கிறது. அதன்மேல் பழி போட வேண்டாம். உங்களை மறைப்பது உங்கள் வீடுதான். அஞ்சல் குறியீட்டை இட்டுப் பார்க்கும் ஃப்ரீவியூ பக்கம் ‘நல்ல வரவேற்பு’ என்று காட்டியிருக்கும். அந்தக் கணிப்பு தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், கூரையில் இருக்கும் ஏரியலுக்கானது. கீழ்த்தளத்துக்கு இறங்கி, செங்கல் சுவரைத் தாண்டி, பின்னறைக்குள் வரும்போது அதில் மிகச் சிறு பங்குதான் மிஞ்சும். சன்னமான உலோகப் பூச்சு கொண்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் கண்ணாடியே திரைபோட்டுவிடும். அப்படிப்பட்ட அறைகளில் ஜன்னலைவிட வெறும் செங்கல் சுவரின் ஓரம் நன்றாக வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பின்னறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதவில்லை. தென்மேற்காக இருந்தால் பிஸ்கட் டின்னே போதும் என்று பந்தயம் கட்டுவேன். வடகிழக்காக இருந்தால் கட்ட மாட்டேன்.

அடுத்தது, யாரும் சந்தேகப்படாத குற்றவாளி: கணினியேதான். லேப்டாப், அதன் சார்ஜர், திரைக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள், வெளியே தொங்கும் வன்தட்டு எல்லாமே டிவி அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். டியூனரை லேப்டாப்பின் இடுப்பில் செருகி, ஆன்டெனாவை அதன் பக்கத்திலேயே நிறுத்துவது, ஆலை வாசலில் உட்கார்ந்து வானொலி கேட்பதற்குச் சமம். இது நானே பட்டது. ஓய்வுக்குப் பிறகு முதன்முதலாக என் மேசைக் கணினியில் டியூனர் மாட்டியபோது மூன்று மணி நேரம் ஏரியலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூரையில் நானே கட்டிய ஏரியல், மீட்டரில் 30 காட்டுகிறது, கணினியில் படம் கடகடவென்று உடைகிறது. மனைவி தன் கைபேசியைச் சார்ஜ் போட்டிருந்த மலிவுச் சார்ஜரை எதேச்சையாகப் பிடுங்கினார். தரப் பட்டை என் கண்முன்னே ஏறி நின்றது. திரும்பச் செருகச் சொன்னேன், விழுந்தது. இருபது ஆண்டு அனுபவத்தை ஒரு பவுண்டு சார்ஜர் சோதித்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது: ஒன்றரை, இரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளை வாங்கி, டியூனரையும் ஆன்டெனாவையும் லேப்டாப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு மாலை, லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். படம் சரியானால் திருடன் பிடிபட்டான். நீல நிற யுஎஸ்பி 3 துளைகளில் வேலை செய்துகொண்டிருக்கும் வன்தட்டு கூடுதல் இரைச்சல் போடும்; டியூனரைப் பழைய யுஎஸ்பி 2 துளை இருந்தால் அதில் செருகுங்கள். ஒரு துளையைப் பலவாக்கும், தனி மின்சாரம் இல்லாத மலிவு ஹப்பில் மாட்டாதீர்கள். சிறு டியூனர்கள் கைசுடும் அளவுக்குச் சூடாகும், அது இயல்பு. துணிமேல் வைத்து மூடாமல் இருந்தால் சரி.

வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு டிவி துளை இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு ஆசை காட்டிய வரி. அந்தத் துளை கூரையில் உயிரோடிருக்கும் ஏரியலுக்குப் போகிறது என்றால், மேலே சொன்ன கூத்தெல்லாம் வேண்டாம். ஆனால் வாடகை வீடுகளில் சுவர்த் துளைகள் பெரும்பாலும் ஏமாற்று. சில எங்கேயும் போகாது. சில செயற்கைக்கோள் தட்டுக்குப் போகும், அதன் அலை உங்கள் டியூனருக்குப் பொருந்தாது. திருகிப் பூட்டுகிற முனை என்றால் தட்டு என்றும், அழுத்திச் செருகுகிற முனை என்றால் ஏரியல் என்றும் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். ஏரியல் இருக்கிறதா, அது தென்மேற்கு நோக்கியிருக்கிறதா, கேபிள் அறுந்து தொங்குகிறதா? குச்சிகளைத் தாங்கும் கம்பியின் நுனியில் சிவப்பு மூடி தெரிந்தால் அது ஏ குரூப் ஏரியல், கிரிஸ்டல் பேலஸின் அலைவரிசைகளுக்குப் பொருந்தும் வகை. அந்த மூடி வெயிலில் வெளுத்திருந்தாலும் ஏரியல் கெட்டது என்று பொருளில்லை. ஆனால் கேபிளுக்குள் மழைநீர் இறங்கியிருந்தால் கெட்டதுதான். செப்பு வலை கறுத்துப் பச்சை பூத்திருக்கும். கேபிளை மாற்ற வேண்டும், வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

ஆன்டெனா ஒருவழியாக உட்கார்ந்த பிறகுதான் சேனல் தேடலை ஓட்ட வேண்டும். விளிம்பில் இருக்கும்போது தேடினால், கிடைக்காத மூட்டைகளை மென்பொருள் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். பிறகு அலை நன்றாக இருந்தாலும் சேனல் இல்லை என்றே காட்டும். உங்கள் ‘இருபது சொச்சம்’ அப்படி வந்த எண்ணிக்கையாகவே தெரிகிறது, சில மூட்டைகள் சிக்கவே இல்லை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் காற்றழுத்தம் ஏறி வானம் தெளிந்து நிற்கும் சில நாள்களில், தொலைதூர நிலையங்களின் அலைகள் வழக்கத்தைவிட அதிக தூரம் பயணித்து வந்து நம் அலைமேல் மோதும். அன்று படம் உடைந்தால் எதையும் தொடாதீர்கள், மறுதேடல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓரிரு நாளில் தானே சரியாகும்.

எல்லாக் கோளாறும் அலையின் கோளாறு அல்ல. ஓடும் ஆளின் விளிம்பில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிந்தால், அது ஒளிபரப்பு இன்னும் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாகப் படத்தைப் பிரித்து அனுப்புவதால் வருவது. விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கினால் போய்விடும். படம் வருகிறது, எச்டியில் ஒலி மட்டும் இல்லை என்றால் மென்பொருளுக்கு அந்த ஒலிவகை தெரியவில்லை என்று பொருள். படம் சீராகத் திக்குகிறது, கட்டம் உடையவில்லை என்றால் லேப்டாப் மூச்சு வாங்குகிறது. கட்டம் சிதறி, ஒலி கீச்சிட்டால் மட்டும் ஆன்டெனாவிடம் போங்கள். சந்தேகமாக இருந்தால் விஎல்சியின் ஊடகத் தகவல் சாளரத்தில் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சிதைந்தவை, தொடர்ச்சி அறுந்தவை என்ற எண்கள் ஏறிக்கொண்டே போனால் அலைதான். டிவி பார்க்க விண்டோஸோடு வந்த மீடியா சென்டர் என்ற மென்பொருளைத் தேட வேண்டாம், விண்டோஸ் 10 வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள். பதிவு செய்யும் ஆசை வந்தால் லினக்ஸில் ஓடும் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள் நல்லது. பழகுவதற்கு ஒரு வார இறுதி ஆகும். என் வீட்டில் ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினிப் பெட்டியில் அதுதான் கூரைக்கடியில் பரணில் ஓடுகிறது. டியூனர் அங்கேயே ஏரியலின் அடியில் இருக்கிறது, கீழே எந்த லேப்டாப்பிலும் வைஃபையில் பார்க்கிறோம். கணினி இரைச்சல் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் நேரலை டிவியை எந்தக் கருவியில் பார்த்தாலும் டிவி உரிமம் வேண்டும். லேப்டாப் என்பதால் விலக்கு இல்லை. 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 174.50 பவுண்டாக ஆனது. பகிர்வு வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஓர் உரிமம் போதும். அறைக்குத் தனி ஒப்பந்தம் என்றால் உங்கள் அறைக்கு உங்கள் உரிமம். பிபிசி ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்ப்பதற்கும் 2016 செப்டம்பரிலிருந்து உரிமம் வேண்டும். ஆகவே இணையம் வழியாகப் பார்த்தால் தப்பிக்கலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது பிபிசிக்கும் தவறு, எந்தச் சேனலின் நேரலைக்கும் தவறு.

இந்த வாரம் செலவே இல்லாமல் பிஸ்கட் டின்னும் பேட்டரிச் சோதனையும் செய்து பாருங்கள். நீட்டிப்புக் கேபிளுக்கு நான்கைந்து பவுண்டு ஆகும். அதற்கும் படியவில்லை என்றால் அடுத்த செலவு பூஸ்டர் அல்ல, லாக் பீரியாடிக் என்ற வகைச் சிறு ஏரியல். மீன்முள்போல் ஒரு பக்கம் குறுகி வரும். குறுகிய முனை தென்மேற்கைப் பார்க்க, குச்சிகள் படுத்திருக்க, வீட்டுக்காரர் அனுமதித்தால் மாடியிலோ பின்சுவரிலோ உயரத்தில் வைத்து, கேபிளை உங்கள் அறைக்கு இறக்குங்கள். ஒரு பூஸ்டரைவிட ஓர் அடி உயரம் மேலானது. டியூனரின் முதுகில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையும், ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள். அது டி2 அறிந்ததா என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரிடம் அதுவரை பதில் சொல்லாதீர்கள்.